வேலை நிற்கும் மாதத்தில் டீசல் கணக்கு: டெல்டா காண்ட்ராக்டர்களுக்கு

வரி மாறப்போகிறது, குவாரி மூடப்போகிறது, தேர்தல் தேதி வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே சைட்டில் வேலை இழுக்க ஆரம்பிக்கும். அந்த மாதம் பங்க் பில்லும் குறையும். அதை மிச்சம் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். அந்த மாதம் எரிந்த டீசலை ஓடிய சிமெண்ட் மூட்டையால் வகுத்த பிறகு பேசலாம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு சைட் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மாதத்தில் 320 மூட்டை சிமெண்ட் ஓடுகிறது. கலவை மிஷினுக்கும் வைப்ரேட்டருக்கும் 40 லிட்டர், ஜேசிபிக்கு 50, அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் 5 ஹெச்பி இன்ஜினுக்கு 130, ஜெனரேட்டருக்கு 30, ஆக 250 லிட்டர். மூட்டைக்கு 0.78 லிட்டர். அடுத்த மாதம் எம்சாண்ட் (பாறையை உடைத்த மணல்) வரவில்லை, 80 மூட்டைதான் ஓடியது. மிஷின் 12, ஜேசிபி 15, இறைப்பு அதே 130, ஜெனரேட்டர் 25. மொத்தம் 182. பில் கால்வாசிக்கு மேல் குறைந்திருக்கிறது. மூட்டைக்கோ 2.28 லிட்டர், ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதிலிருந்து ஒரு எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு மாத டீசலின் வித்தியாசம் 68 லிட்டர், மூட்டையின் வித்தியாசம் 240. வகுத்தால் மூட்டைக்கு 0.28. இதுதான் வேலைக்காக எரிந்த டீசல். 320 மூட்டைக்கு இது சுமார் 91 லிட்டர். 250-இல் கழித்தால் மிச்சம் 159. ஒரு மூட்டைகூடப் பிரிக்காவிட்டாலும் மாதம் எரியப்போகும் டீசல் இது. ஆறேழு மாதக் கணக்கு இருந்தால் கட்டம் போட்ட தாளில் மூட்டையைக் கிடையாகவும் லிட்டரைச் செங்குத்தாகவும் வைத்து, மாதத்துக்கு ஒரு புள்ளி போட்டுக் கோடு இழுங்கள்; மூட்டை பூஜ்யம் ஆகும் இடத்தில் அந்தக் கோடு காட்டும் லிட்டர்தான் இந்த எண், இன்னும் சரியாக வரும்.

நம் ஊரில் இந்த 159-இல் பெரும்பங்கு தண்ணீர் இறைப்பு. ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நாலடியிலேயே ஊற்று எடுக்கும் இடங்கள் உண்டு. கொள்கை எதுவாக இருந்தாலும் ஊற்று காத்திருக்காது.

2025 செப்டம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகும் என்று 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தது; நடைமுறைக்கு வந்தது 22-இல். இடையில் 19 நாள். வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்றால், காத்திருந்தால் 30 ரூபாய் மிச்சம். 320 மூட்டைக்கு 9,600. அதே 19 நாளும் தினம் ஐந்து மணி நேரம் இன்ஜின் ஓடினால், மணிக்கு 1.1 லிட்டர் வீதம் 104 லிட்டருக்கு மேல். லிட்டர் 93 என்று போட்டால் 9,700 ரூபாய். மிச்சம் முழுக்கக் குழிக்குள் போய்விட்டது. இது வீட்டுக்காரர் தானே சிமெண்ட் வாங்கும் வேலைக்கான கணக்கு. உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்கும் காண்ட்ராக்டருக்கு அந்த 30 ரூபாய்கூடப் பெரும்பாலும் கைமாற்றுத்தான். டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதற்கு வரவும் கிடையாது.

ஆகவே காத்திருப்பது என்று முடிவெடுத்தால் இன்ஜினையும் நிறுத்துங்கள். 30 × 25 × 5 அடிக் குழி முழுக்க நிரம்பினாலும் சுமார் ஒரு லட்சத்து ஆறாயிரம் லிட்டர்தான். நொடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்பு மூன்று மணி நேரத்தில் இறைத்துவிடும். ஊற்றையும் சேர்த்து ஐந்து மணி என்று வையுங்கள். ஒரு நாள் டீசல். இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் நிரம்ப விடுவதே லாபம்.

நிரம்ப விடும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. குழிக்கரை செங்குத்தாக நிற்கக் கூடாது, சரித்து வெட்டிவிடுங்கள். திரும்ப இறைக்கும்போது ஒரே மூச்சில் இறைத்தால் ஈரம் ஏறிய களிமண் கரை பொத்தென்று உள்ளே விழும். அரை ஆள் ஆழம் இறைத்து, நிறுத்தி, கரையைப் பார்த்துத் தொடருங்கள். அடியில் சேறு நிற்கும். அதை வழித்தெடுத்து மணல் போட்ட பிறகுதான் பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்). கம்பி கட்டியிருந்தால் ஒட்டிய சேற்றைக் கழுவாமல் கான்கிரீட் போடவே கூடாது.

பெரிய ஆபத்து காலி செப்டிக் டேங்கும் சம்பும். வெளி அளவு 3 மீட்டர் நீளம், 2 அகலம், 2 ஆழம் என்றால், சுற்றிலும் விளிம்பு வரை தண்ணீர் ஏறும்போது 12 டன் தூக்குவிசை. செங்கல் சுவரும் அடித்தளமும் சேர்ந்து 10 டன்தான் வரும். தொட்டி மிதந்து கோணிக்கொள்ளும். இன்ஜினை அணைக்கும் முன் உள்ளே பாதி வரை தண்ணீர் விடுங்கள்.

இறைப்பை நிறுத்தவே முடியாத சைட்டில் கரண்ட்டுக்கு மாறுங்கள். 5 ஹெச்பி மோட்டார் மணிக்குச் சுமார் 4.6 யூனிட் இழுக்கும். டீசல் இன்ஜினுக்கு மணிக்கு 102 ரூபாய். தற்காலிக இணைப்பின் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம்தான், ஆனாலும் யூனிட் 22 ரூபாயைத் தொடும்வரை கரண்ட்டே மலிவு. நாலு பல்புக்காக 15 கேவிஏ ஜெனரேட்டரை ஓட்டுவது வீண். நல்ல பளுவில் லிட்டருக்கு மூன்று யூனிட் தரும் மிஷின், சும்மா ஓடினால் இரண்டுகூடத் தராது.

பேக்கர், புளூம், டேவிஸ் என்ற பொருளியலாளர்கள் செய்தித்தாள்களில் சில சொற்களை எண்ணிக் கொள்கை நிச்சயமின்மைக்கு, அதாவது அரசு அடுத்து என்ன செய்யும் என்று தெரியாத நிலைக்கு, குறியீடு போடும் முறையை 2016-இல் வெளியிட்டார்கள். இந்தியாவுக்கும் அந்தக் குறியீடு உண்டு. நாடு முழுவதற்குமான எண் அது. புதுக்கோட்டை கிரஷர் நாளை ஓடுமா என்று சொல்லாது. அதனால் டீசல் நோட்டிலேயே ஒரு பத்தி கூடுதலாக விடுங்கள். வேலை நின்ற நாள், காரணம் (வரி, குவாரி, பில் பாக்கி, மழை), அன்று எரிந்த லிட்டர். மழையைத் தனியாகப் பிரிக்காவிட்டால் ஐப்பசிக் கணக்கு முழுக்க அரசாங்கத்தின் தலையில் விழும்.