தையல்காரர் மகன் என்று எழுதாதீர்கள்: சிறார் நீதிச் செய்தி எழுத வருபவர்களுக்கு

காலை ஏழு மணிக்குள் காவல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் அது வந்துவிடும். ‘வழிப்பறி வழக்கில் 2 இளஞ்சிறார் உட்பட 5 பேர் கைது.’ கீழே மூன்று பெரியவர்களின் பெயர், வயது, தந்தை பெயர், தெரு, ஊர். கூடவே ஒரு படம். ஐந்து பேரும் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள்; இரண்டு முகங்கள் மட்டும் கலங்கலாக்கப்பட்டிருக்கும். நாளிதழில் இருந்த பதினான்கு ஆண்டுகளும் இதை அப்படியே எடுத்து, தலைப்பில் ‘கைவரிசை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவன் நான். இப்போது தென்மாவட்டம் ஒன்றில், நான்கு பேர் சேர்ந்து நடத்தும் லாப நோக்கற்ற செய்தித் தளத்தில் சிறார் நீதியை மட்டும் பார்க்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. காரணம் போகப்போகப் புரியும்.

அந்தக் குறிப்பு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரியவர்களின் பெயர்களை உற்றுப் பார்ப்பது. மூவரில் ஒருவர் அந்தச் சிறுவனின் அண்ணனாக இருந்தால், அண்ணன் பெயரையும் தெருவையும் போடுவது தம்பியின் பெயரைப் போடுவதுதான். காவல் நிலையத்தில் கேட்டால் உறவைச் சொல்லிவிடுவார்கள். உறவு இருந்தால் மூன்று பெயர்களையும் விட்டுவிடுங்கள். படம் வேண்டவே வேண்டாம். முகத்தை மறைத்தாலும் சட்டையைத் தாய் அடையாளம் கண்டுகொள்வாள், வகுப்புத் தோழனும் கண்டுகொள்வான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-ஆவது பிரிவை அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றோடு, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் அது தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் சாட்சி சொல்லும் குழந்தைக்கும்கூட இதே காப்பு உண்டு. பாலியல் வழக்கு என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் சேர்ந்துகொள்ளும். அங்கே பதிப்பாளரும் உரிமையாளரும் உங்களோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ‘அம்மாவே சம்மதித்துவிட்டார்’ என்பது எடுபடாது. 74-ஆவது பிரிவின்படி வெளியிட அனுமதி தருவதென்றால் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமோ, பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவோதான், அதுவும் எழுத்தில், குழந்தையின் நலன் கருதித் தர முடியும்.

சட்டம் தெரிந்தும் தவறு நடக்கும். நாளிதழில் இருந்தபோது ஒரு செய்தியில் பெயர் போடாமல், ‘தையல்காரரின் மகன், பதினோராம் வகுப்பு மாணவன்’ என்று எழுதினேன். கிராமத்தின் பெயரும் அதில் இருந்தது. அந்தக் கிராமத்தில் தையல் இயந்திரம் வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. நான்காம் நாள் பையனின் அம்மா அலுவலகம் தேடி வந்தார். சண்டை போடவில்லை. “தைக்கக் கொடுத்த துணியையெல்லாம் வெட்டாமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள், தம்பி” என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, எழுதியதை அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணால் ஒருமுறை படிக்கிறேன். மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாத விவரம் அவருக்கு வீட்டு எண்ணைப் போலத் தெரியும். ஊர், தொழில், வகுப்பு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘பீடி சுற்றும் தாயின் மகன்’ என்று எழுதலாம். எங்கள் பக்கம் அந்த வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மாற்றுப் பெயர் வைப்பதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சுடலை, இசக்கி என்று வைத்தால் அந்தப் பெயரே குலதெய்வத்தையும் வட்டாரத்தையும் சொல்லிவிடும். சில பெயர்கள் சாதியையே சொல்லும். பள்ளி மாணவர்களுக்கு இடையிலான சாதி வன்முறை பற்றி எழுதும்போது இது விளையாட்டல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் வரைக்கும் பேச வேண்டியிருந்தது. கயிற்றின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த வாசகருக்கு நீங்கள் சூட்டும் பெயரையும் படிக்கத் தெரியும். கார்த்திக், விக்னேஷ் போன்ற, எந்தத் தெருவிலும் கிடைக்கும் பெயர்கள் நல்லவை. சாதி செய்தியின் மையமாக இருந்தால் அதைப் பெயருக்குள் ஒளிக்காமல், ஆசிரியரோடு பேசி முடிவெடுத்து, வெளிப்படையாக எழுதுங்கள்.

என் குறிப்பேட்டில் மாற்றுப் பெயர்கூடக் கிடையாது. வேம்பு, புங்கன், இலுப்பை என்று மரங்கள்தான். எந்த மரம் எந்தப் பையன் என்பது இன்னொரு சின்ன நோட்டில், வீட்டுப் பீரோவுக்குள் இருக்கிறது.

சொற்களைப் பற்றி: ‘இளங்குற்றவாளி’ வேண்டாம். ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்பது அரசாணை வாசனை அடிக்கும் தொடர். முதல் முறை அதைச் சொல்லிவிட்டு, பிறகு ‘சிறுவன்’, ‘மாணவன்’ என்று போகலாம். ‘சிறையில் அடைப்பு’ தவறு. விசாரணை நடக்கும்போது அவன் வைக்கப்படுவது கூர்நோக்கு இல்லத்தில். குழுமம் விதிப்பது உத்தரவு. அது அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதாகவும் இருக்கலாம், சமூக சேவையாகவும் இருக்கலாம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லமாகவும் இருக்கலாம். 16 வயது நிறைந்தவர் மீது கொடுங்குற்றப் புகார் வந்தால் மட்டும், பெரியவரைப் போல விசாரிக்கும் பாதைக்கு மாறலாம், அதுவும் குழுமத்தின் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு. ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா என்று எங்கள் ஆசிரியரும் நானும் இன்னும் வாதாடுகிறோம். குற்றம் சாட்டப்பட்டதும் மரியாதை விகுதி உதிர்ந்துபோவதை அவர் வெறுக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையனை ‘அவர்’ என்றால் வாசகர் மனத்தில் மீசை முளைத்துவிடுகிறது என்பது என் கட்சி. 15 வரை ‘அவன்’, அதற்கு மேல் ‘அவர்’ என்று இப்போதைக்கு உடன்பாடு.

குழுமம் கூடும் இடத்துக்குப் போங்கள். ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மேடை, கூண்டு எதுவும் கூடாது; நீதிமன்ற வளாகத்திலும் கூடக் கூடாது. நமக்கு உள்ளே இடமில்லை. அதற்காகத் தகராறு செய்யாதீர்கள். செய்தி பெரும்பாலும் வாசலில்தான் கிடைக்கும்.

அப்படி ஒரு வாசலில் வேப்பமரத்தடியில்தான் இலுப்பையின் அம்மாவைப் பார்த்தேன். ஒன்பதரைக்கே வந்துவிடுவார். பக்கத்தில் மஞ்சள் பை, அதற்குள் மாற்றுச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை. மடியில் ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை. குழந்தைகள் இருக்கும் இடம் என்று புகையிலைத் தூளை வீட்டிலேயே வைத்துவிட்டு, இலையை மட்டும் கொண்டுவந்து, தகரத் துண்டை அளவாக வைத்துக் கத்தரித்துக்கொண்டிருப்பார். மகன் மீது சைக்கிள் திருட்டுப் புகார். பீடிக் கம்பெனி பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் ஒவ்வொரு வாய்தாவையும் குறித்து வைத்திருந்தார். எண்ணினேன்: பதினான்கு மாதத்தில் பதினொரு தேதிகள்.

இங்கேதான் சட்டப் புத்தகம் கைகொடுக்கும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுக்குள் உள்ள சிறு குற்றம் என்றால், நீட்டித்த காலத்திலும் முடியாத விசாரணை அத்தோடு முடித்துவைக்கப்பட வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. பாஸ் புத்தக அட்டையின் படத்தை இலவச சட்ட உதவி வழக்கறிஞரிடம் காட்டி, இது சரியா என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, அந்த அம்மாவை அழைத்து உட்கார வைத்து, மனு எழுதக் காகிதம் தேட ஆரம்பித்தார். நான் எழுதிய செய்தியில் பையனைப் பற்றி இரண்டே வரிகள். மீதி முழுவதும் தேதிகளும், பஸ் செலவும், இழந்த கூலியும்.

சிறுவனிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், “ஏன் செய்தாய்?” என்று கேட்கவே கேட்காதீர்கள். விசாரணை முடியாதபோது அவன் உங்களிடம் சொல்வது அவனுக்கே எதிராகத் திரும்பலாம். நாளை உங்களையே சாட்சியாக அழைக்கலாம். பெற்றோர் சம்மதமும் அவன் சம்மதமும் தனித்தனி. சாப்பாடு, தூக்கம், பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்குங்கள். பெரியவர்களுக்கு நான் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

இல்லங்களைப் பற்றி, ஏதாவது விபரீதம் நடந்தால்தான் எழுதுகிறோம். 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்து, ஊழியர்கள் கைதான பிறகே எல்லா ஊடகங்களும் அந்தக் கதவைத் தட்டின. சாதாரண நாளில் தட்டுவதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். இல்லத்தைக் குழுமம் மாதம் ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும். நிலுவை வழக்குகளைத் தலைமைக் குற்றவியல் நடுவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். ஆகவே பெயர் எதுவும் கேட்காமல், ‘கடந்த 24 மாதங்களில் ஆய்வு நடந்த தேதிகள்’, ‘ஆறு மாதத்தைத் தாண்டிய விசாரணைகளின் எண்ணிக்கை’, ‘நன்னடத்தை அலுவலர் பணியிடங்களில் காலியானவை’ என்று எண்களாகக் கேளுங்கள். தனிநபர் தகவல் என்று மறுக்க அதில் ஒன்றுமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. சோம்பல் படாதீர்கள்.

நன்கொடையைப் பற்றி ஒரு வரி: குழந்தைகள் இல்லம் நடத்தும் அறக்கட்டளையிடம் பணம் வாங்கிக்கொண்டு இல்லங்களைப் பற்றி எழுத முடியாது. நாங்கள் ஒருமுறை திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப் போயிற்று.

கடைசியாக, இணையம். எங்கள் தளத்தில் ஒரு செய்தியில் பெயரை நீக்கி, ஊரை நீக்கி, மூன்று பேர் படித்துச் சரிபார்த்து வெளியிட்டோம். மறுநாள் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பகுதிநேரச் செய்தியாளர் அனுப்பிய வீட்டு வாசல் படத்தின் கோப்புக்குப் பையனின் பெயரையே வைத்திருந்தார். படத்தைச் சேமிக்க முயன்றவருக்கு அது அப்படியே தெரிந்தது. இப்போது படங்களுக்கு எண் மட்டும்தான். இணைப்பு முகவரி, படக் குறிப்பு, வாட்ஸ்அப்பில் பகிரும்போது தோன்றும் முன்னோட்டம் எல்லாவற்றையும் தனியாகத் திறந்து பார்க்கிறோம்.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் சிறாரின் வழக்குப் பதிவுகளைப் பொதுவாக அழித்துவிட வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. அரசாங்கக் கோப்பு போன பிறகும் நம் செய்தி தேடுபொறியில் நின்றுகொண்டிருக்கக் கூடாதல்லவா? ஆண்டுதோறும் போகியன்று நான்கு பேரும் உட்கார்ந்து பழைய செய்திகளைப் பார்க்கிறோம். முடிந்த வழக்குகளில் மிச்சமிருக்கும் விவரங்களைத் தேய்த்துவிடுகிறோம். அன்று மாலை பீரோவிலிருந்து அந்தச் சின்ன நோட்டையும் எடுப்பேன். இந்த ஆண்டு புங்கனும் இலுப்பையும் இருந்த பக்கங்களைக் கிழித்து, பழைய பாயோடு தீயில் போட்டேன். வேம்புக்கு அடுத்த வாய்தா மாசி மாதம்.