காவிக் கணக்குகளில் வீணாகப் போகும் புள்ளிகள்: தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

இலங்கையில் க.பொ.த. உயர்தர இணைந்த கணிதத்தைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் வினாத்தாளில் 25 புள்ளிகளுக்குரிய சிறு வினாக்களிலும் 150 புள்ளிகளுக்குரிய நீண்ட வினாக்களிலும் காவி, அதாவது அளவும் (பருமன்) திசையும் உடைய கணியம், இடம்பெறுவது வழக்கம். லண்டன் பரீட்சைக்கு (பிரித்தானியப் பாடத்திட்டப் பரீட்சைக்கு) தோற்றும் கொழும்பு மாணவர்களுக்கோ அது சாதாரண தரத்திலேயே வந்துவிடுகிறது. இப்பகுதியில் புள்ளிகள் குறைவதற்குக் கணக்கின் கடினம் பெரும்பாலும் காரணமன்று. தாம் எழுதும் வரி ஒரு காவியைச் சொல்கிறதா, பருமன் மட்டுமே உள்ள வெறும் எண்ணியைச் சொல்கிறதா என்பதை மாணவர்கள் இடைநடுவில் மறந்துவிடுவதே காரணம்.

ஆகவே முதற் படி, குறியீட்டைச் சரியாக எழுதுவதாகும். அச்சில் தடித்த எழுத்தாக வரும் காவியைக் கையால் எழுதும்போது அதன் கீழே கோடு இட வேண்டும். இரு புள்ளிகளை இணைக்கும் காவியாயின் மேலே அம்புக்குறி இட வேண்டும். பிறகு, ஒவ்வொரு சமன்பாட்டிலும் சமக்குறியின் இருபுறமும் ஒரே வகைக் கணியம் நிற்கிறதா என்று பாருங்கள். இடப்புறம் காவியும் வலப்புறம் 5 என்ற எண்ணும் இருந்தால், அந்த வரி பிழையென்பதை அறிய வேறு சோதனை தேவையில்லை.

இரண்டாவது படி திசை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்காகப் பம்பலப்பிட்டிக்குச் செல்பவரும் அதே வழியில் தெற்காகத் திரும்பி வருபவரும் கடக்கும் தூரம் ஒன்றேயாயினும், அவர்களின் இடப்பெயர்ச்சிகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஓ என்பதை உற்பத்தியாக (தொடக்கப் புள்ளியாக) கொண்டு ஏ, பி ஆகிய புள்ளிகளின் தானக்காவிகள் (உற்பத்தியிலிருந்து அப்புள்ளிகளுக்குச் செல்லும் காவிகள்) முறையே க, ச என்க. அப்போது காவி ஏபி = ச − க; காவி பிஏ = க − ச. இதைச் சூத்திரமாக மனனம் செய்பவர்கள் பரீட்சைப் பதற்றத்தில் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். மனனத்தை விட்டுப் பாதையை எழுதுங்கள்: ஏபி = ஏஓ + ஓபி. ஏஓ என்பது ஓஏ இற்கு எதிரானது என்பதால் −க வருகிறது. அதனுடன் ச சேர்கிறது. இந்த ஒரு வரியை எழுதச் சில வினாடிகள் போதும். வேகத்தை மட்டும் வலியுறுத்தும் பேப்பர் வகுப்புகளில் (வினாத்தாள்களைச் செய்து பழகும் வகுப்புகளில்) இவ்வரியைத் தவிர்க்கப் பழகுவது மாணவருக்கு நன்மை செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி, அதிகமானோர் தடுமாறும் விகித வினாவை முழுமையாகச் செய்து பார்ப்போம். முக்கோணி ஓஏபி இல், ஏசி : சிபி = 2 : 1 ஆகுமாறு சி என்ற புள்ளி ஏபி மீது உள்ளது. ஓபி இன் நடுப்புள்ளி டி. ஓசி, ஏடி ஆகிய கோடுகள் ஈ இல் இடைவெட்டுகின்றன. ஓஈ : ஈசி என்ற விகிதத்தைக் காண வேண்டும்.

விகிதம் 2 : 1 என்றால் முழுக்கோட்டில் மூன்று பங்குகள் உள்ளன; எனவே ஏசி என்பது ஏபி இன் 2/3 ஆகும். இதை 1/2 என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஓசி = ஓஏ + ஏசி = க + 2/3(ச − க) = 1/3 க + 2/3 ச. அடைப்பைத் திறக்கும்போது −2/3 க ஐ விட்டுவிடாதீர்கள்.

ஈ என்பது ஓசி மீது இருப்பதால், ஓஈ = லம்டா(1/3 க + 2/3 ச). லம்டாவும் அடுத்து வரும் மியூவும் நாம் காண வேண்டிய எண்கள். அதே ஈ என்பது ஏடி மீதும் இருப்பதால், ஓஈ = ஓஏ + மியூ × ஏடி = க + மியூ(1/2 ச − க). இங்கே ஓஏ ஐ விட்டுவிட்டு மியூ × ஏடி ஐ மட்டும் எழுதுபவர்கள் ஏஈ ஐத்தான் எழுதியிருக்கிறார்கள், ஓஈ ஐ அன்று. இரண்டு கோடுகளுக்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்துவதும் கணக்கை முழுதாகக் கெடுத்துவிடும்.

அடுத்து, இரு கோவைகளிலும் க, ச ஆகியவற்றின் குணகங்களைச் சமப்படுத்த வேண்டும். அதற்கு முன், "க, ச ஆகியன பூச்சியமல்லாத, சமாந்தரமற்ற காவிகள் ஆதலால்" என்ற காரணத்தை எழுதுங்கள். அது இல்லாமல் குணகங்களை ஒப்பிட உங்களுக்கு உரிமையில்லை. லம்டா/3 = 1 − மியூ என்றும், 2 லம்டா/3 = மியூ/2 என்றும் வரும். இவற்றைத் தீர்த்தால் லம்டா = 3/5, மியூ = 4/5. இரண்டையும் மூலக்கோவைகளில் இட்டால் இருவழியிலும் 1/5 க + 2/5 ச கிடைப்பதால் விடை சரி. ஆனால் 3/5 என்பது ஓஈ இற்கும் முழு ஓசி இற்கும் உள்ள விகிதம். கேட்கப்பட்டதோ ஓஈ : ஈசி. எனவே விடை 3 : 2 ஆகும். கடைசி வரியில் 3 : 5 என எழுதி முடித்துவிட வேண்டாம்.

பி (P), கியூ (Q), ஆர் (R) என்ற மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைவதை நிறுவும்போது, காவி பிகியூ என்பது காவி கியூஆர் இன் எண்ணி மடங்கு என்று காட்டினால் மட்டும் போதாது. அவை சமாந்தரமானவை, கியூ என்ற புள்ளி இரண்டுக்கும் பொதுவானது என்ற இரு கூற்றுகளையும் எழுத வேண்டும்.

பருமன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ, ஜே என்பன x, y அச்சுகளின் திசையிலான அலகுக் காவிகள் எனில், −3ஐ + 4ஜே இன் பருமன் 5. கல்குலேட்டர் அனுமதிக்கப்படும் பரீட்சையில் −3 என்ற எண்ணை அடைப்புக்குள் இட்டே வர்க்கியுங்கள். இல்லையேல் பல கருவிகள் −9 என்று காட்டும்.

எண்ணிப் பெருக்கத்தின் (இரு காவிகளின் ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவதன்) விடை எப்போதும் ஓர் எண். அதில் ஐ, ஜே எஞ்சியிருக்கக் கூடாது. கோணம் காணும்போது இரு காவிகளும் அக்கோணத்தின் உச்சியிலிருந்து வெளிநோக்கிப் புறப்பட வேண்டும். ஏ (1, 2), பி (4, 6), சி (6, 2) எனில், ஏ இல் உள்ள கோணத்துக்கு ஏபி = 3ஐ + 4ஜே, ஏசி = 5ஐ ஆகியவற்றை எடுக்க வேண்டும். அவற்றின் எண்ணிப் பெருக்கம் 15, பருமன்கள் இரண்டும் 5. எனவே கோணத்தின் கோசைன் 15/(5 × 5) = 3/5. ஏபி இற்குப் பதிலாகப் பிஏ ஐ எடுத்தவருக்கு −3/5 கிடைக்கும்; அவர் கண்டது 180 பாகையிலிருந்து உரிய கோணத்தைக் கழித்த கோணமாகும். உருவைப் பருமட்டாகவேனும் வரைந்து, அதில் கூர்ங்கோணமாகத் தெரிவதற்குக் கோசைன் மறைப் பெறுமானமாக வந்திருந்தால், எண்களைத் திரும்பக் கூட்டிப் பார்க்கும் முன் அம்புக்குறிகளின் திசையைச் சரிபாருங்கள்.