ஊரை விடுங்கள், ரெஜிமெண்டைப் பிடியுங்கள்: படைவீரராக இருந்த முன்னோரைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஒரு முன்னோரைத் தேட உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, பெயரையும் பிறந்த ஊரையும் தட்டிவிட்டு, வருகிற முதல் ஆளையே தாத்தா என்று பிடித்துக்கொள்வதுதான். விவசாயிக்கும் கொல்லருக்கும் இது பல நேரம் பலித்துவிடும், அவர்கள் ஊரைவிட்டு அதிகம் நகராதவர்கள். படைவீரர் கதை வேறு. பத்து வருடத்துக்கு ஒருமுறை சென்சஸ் எடுத்த அந்த இரவில் அவர் எங்கே படுத்திருந்தார் என்பதை முடிவு செய்தது அவர் ஊர் அல்ல, அவர் இருந்த ரெஜிமெண்ட், அதாவது படைப்பிரிவு. அதனால் ஆளைத் தேடும் முன்னாலேயே ரெஜிமெண்டைத் தேடுங்கள்.

பெயர் ஒத்துப்போவது ஆதாரமே இல்லை. ஜான் ஸ்மித், தாமஸ் மர்ஃபி மாதிரிப் பெயர்கள் ஒரே ரெஜிமெண்டிலேயே பல பேருக்கு இருந்தன. படைவீரர் எண் இருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது, 1920க்கு முன்பு அது அந்தந்த ரெஜிமெண்ட் கொடுத்த எண், வேறு ரெஜிமெண்டுக்கு மாறினால் எண்ணும் மாறிவிடும்.

அடுத்தது, சென்சஸில் ஆள் இல்லை என்றதும் இறந்துவிட்டார் என்று எழுதி மூடிவிடுவது. இங்கிலாந்து சென்சஸில் 1841 முதல் 1901 வரை வெளிநாட்டில் இருந்த படைவீரர்களின் பெயர்ப்பட்டியல் பொதுவாகக் கிடையாது. வெளிநாட்டு முகாம்களில் இருந்தவர்களையும் குடும்பங்களையும் முழுமையாகப் பதிந்த முதல் சென்சஸ் 1911தான். அதற்கு முன்பு அவர் மால்டாவிலோ இந்தியாவிலோ இருந்திருந்தால், இங்கிலாந்து வீட்டில் மனைவி மட்டும் 'படைவீரரின் மனைவி' என்று தனியாக நிற்பார். சிலர் உடனே இந்திய சென்சஸில் தேடப் போகிறார்கள். அதில் பழைய காலத்துத் தனிநபர் படிவங்களே கிடைப்பதில்லை, வெறும் எண்ணிக்கை அட்டவணைகள்தான் இருக்கின்றன. அயர்லாந்துக்காரர் என்றால் இன்னும் சிரமம்: 1901, 1911 முழுசாக இருக்கின்றன, அதற்கு முந்தையவற்றில் 1821 முதல் 1851 வரை உள்ளவற்றின் பெரும்பகுதி 1922ல் டப்ளின் ஆவணக்காப்பகத்தில் எரிந்துபோனது, அதற்குப் பின் எடுத்தவற்றை அரசே அழித்துவிட்டது.

1841 சென்சஸைப் படிக்கும்போது வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதாவது 24 வயதுக்காரர் 20 என்று இருப்பார். ராணுவத்தில் சேரும்போது சொன்ன வயதும் அப்படித்தான், பதினெட்டு ஆகாத பையன்கள் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தது சாதாரணமாக நடந்த விஷயம். வேறு பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு.

சென்சஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம், எல்லாரும் தாண்டிப்போகிற இடமும்கூட, பிள்ளைகளின் பிறந்த இடம் எழுதிய கட்டம். உதாரணத்துக்கு ஒரு 1871 பக்கம்: குடும்பத் தலைவர் 41 வயது, கூலித் தொழிலாளி. மூத்த மகள் 12 வயது, பிறந்தது ஜிப்ரால்டர். அடுத்தவன் 9 வயது, மால்டா. கடைசிக் குழந்தை 3 வயது, ஆல்டர்ஷாட். தகப்பனார் படைவீரர் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் மூன்றும் படை நிறுத்தியிருந்த ஊர்கள். 1859 வாக்கில் ஜிப்ரால்டர், 1862 வாக்கில் மால்டா, 1868 வாக்கில் ஆல்டர்ஷாட் என்று நகர்ந்த ரெஜிமெண்ட் எது என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அப்புறம் அந்த ரெஜிமெண்டின் மஸ்டர் ரோலில், அதாவது வீரர்களின் பெயர்ப்பட்டியலில், ஆளைத் தேடலாம். இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

தேடும்போது ரெஜிமெண்டின் பெயர் மாறுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் 1862ல் அரசுப் படையின் 102வது ரெஜிமெண்ட் ஆனது, 1881ல் அதுவே ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. இது தெரியாதவர் ஒரே மனிதரை மூன்று பேராக எழுதி வைத்துவிடுவார். கம்பெனிப் படையில் இருந்தவர்களின் ஆவணங்கள் கியூவில் அல்ல, பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தில்.

சரி, திருமணச் சான்றிதழுக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு இருக்கிறது. வயதுக் கட்டத்தில் 'முழு வயது' என்றிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டும்தான் பொருள். அதை 21 என்றே எடுத்துக்கொண்டு பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டு, அந்த வருடத்தில் பிறந்த யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கியவர்கள் ஏராளம். தந்தை பெயர்க் கட்டத்தையும் நிதானமாகப் படியுங்கள், திருமணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள் அந்த இடத்தில் ஏதோ ஒரு கற்பனைப் பெயரைச் சொல்லி எழுத வைப்பது உண்டு. முகவரியில் பாரக்ஸ் (படைவீரர் குடியிருப்பு) பெயர் இருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த பரிசு. அந்த மாதம் அங்கே எந்தப் படை தங்கியிருந்தது என்று பாருங்கள், 'படைவீரர்' என்று மட்டும் எழுதியிருந்த மனிதருக்கு ஒரு ரெஜிமெண்ட் கிடைத்துவிடும்.

ரெஜிமெண்டின் திருமணப் பதிவேட்டில் இல்லை என்பதற்காகக் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சாதாரண வீரர் கல்யாணம் செய்ய கமாண்டிங் ஆபீசரின் அனுமதி வேண்டியிருந்தது, நூற்றுக்கு ஆறேழு பேருக்கு மேல் அது கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமல் மாதாகோயிலில் செய்துகொண்ட கல்யாணமும் சட்டப்படி செல்லும், ஆனால் அந்த மனைவிக்குப் பாரக்ஸில் இடமும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. அந்தப் பெண்கள் வெளியே வாடகை அறையில் தையலும் துணி துவைப்பும் செய்து பிழைத்தார்கள். அவர்களுடைய கல்யாணம் பக்கத்து மாதாகோயில் பதிவேட்டில்தான் இருக்கும்.

இந்தியாவில் நடந்த கல்யாணங்கள் என்றால் வங்காளம், மெட்ராஸ், பம்பாய் மாகாணங்களுக்குத் தனித்தனியாகத் தேவாலயப் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. காலராவிலும் காய்ச்சலிலும் கணவனை இழந்த பெண்கள் சில மாதங்களிலேயே அதே படையில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டார்கள், வேறு வழி இல்லை அவர்களுக்கு. அதனால் பின்னால் வரும் சென்சஸில் பிள்ளைகள் மாற்றாந்தகப்பன் பெயரில் இருக்கலாம்.

'செல்ஸி பென்ஷனர்' என்று பார்த்ததும் லண்டன் செல்ஸியில் முதிய படைவீரர்களுக்கான 'ராயல் ஹாஸ்பிட்டல்' இல்லத்தில் வாழ்ந்தவர் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து பென்ஷன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரிலோ வேறு எங்கோதான் இருந்தார்கள். செல்ஸி பென்ஷன் ஆவணத் தொகுப்பில் பெயர் இல்லை என்பதும் பெரிதல்ல, 1883க்கு முன்பு அதில் பென்ஷனோடு விலகியவர்கள்தான் இருப்பார்கள், பணியில் இறந்தவரும் ஓடிப்போனவரும் இருக்க மாட்டார்கள். முதல் உலகப் போர்க்காலத்து வீரர் என்றால், 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் அவர்களுடைய பணிக் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துவிட்டது. மிஞ்சியவை 'எரிந்த ஆவணங்கள்' என்றே அழைக்கப்படுகின்றன, பதக்க அட்டைகள் தனியாகத் தப்பியிருக்கின்றன.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் தலைமைப் பதிவாளரிடம் காசு கட்டி வாங்கும் திருமணச் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் எழுத்தர் பார்த்து எழுதிய பெயர், மாப்பிள்ளையே போட்ட கையெழுத்து அல்ல. மாதாகோயிலில் இருந்த மூலப் பதிவேட்டின் படத்தைத் தேடிப் பிடியுங்கள். அதில் அவர் கையெழுத்தோ பெருக்கல் குறியோ இருக்கும். ராணுவத்தில் சேர்ந்த படிவத்திலும் ஒன்று போட்டிருப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், முதல் எழுத்தின் வளைவு, கோடு முடிகிற விதம் எல்லாவற்றையும் பாருங்கள். ஒத்துப்போனால் அதற்குப் பிறகு அவரைத் தாத்தா என்று எழுதலாம்.