பேரரசி யூஜெனியின் 94 ஆண்டுகளை 2 மீட்டர் தாளில் வரைய

டர்பன் தமிழ் வகுப்பில் ஓர் ஐரோப்பியப் பேரரசியின் வாழ்க்கையைப் பாடமாக்க வேண்டுமென்றால் யூஜெனியை எடுங்கள். ஸ்பெயினின் கிரனாடாவில் பிறந்து பிரான்சுக்குப் பேரரசியான அவர், டர்பன் அடங்கிய தென்னாப்பிரிக்க நேட்டால் மண்ணிலும் கால்வைத்தவர். கதையாகச் சொன்னால் முடிசூடிய பகுதியே நினைவில் தங்கும். அளவெடுத்து வரைந்தால் உண்மை கண்ணில் படும்.

ஏ3 தாள் ஐந்தை எடுத்து, 2 செ.மீ. மேற்பொருந்தும்படி நீளவாக்கில் ஒட்டுங்கள், 202 செ.மீ. கிடைக்கும். நீர்ப்பசை தாளைச் சுருக்கிவிடும், பசைக்குச்சியே சரி. இடப்பக்கம் 4 செ.மீ. விட்டு, நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, அதன் தொடக்கத்தில் சுழியம் போடுங்கள். அதுதான் 1826 மே 5, அவர் பிறந்த நாள். ஓராண்டுக்கு 2 செ.மீ. சுழியத்தை ஜனவரியில் வைத்துவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. பிறகு எல்லாப் புள்ளியும் சுமார் 0.7 செ.மீ. தள்ளிப்போகும். முதலில் பென்சிலில் குறியுங்கள்.

சுழியத்திலிருந்து 53.5 செ.மீ.-இல் பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுடன் திருமணம் (1853 ஜனவரி). அடைப்புக்குறிக்குள் “போனபார்ட்டின் தம்பி மகன்” என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் இரு நெப்போலியன்களையும் ஒருவராக்கிவிடுவார்கள். யூஜெனியை இளவரசி என்றும் எழுதாதீர்கள். அவர் ஒரு பிரபுவின் மகள். 60-இல் மகன் லூயி பிறப்பு. 87-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழா, 1869 நவம்பர் 17. பேரரசியாக அவர் புகழின் உச்சியில் நின்ற நாள். அங்கிருந்து 2 செ.மீ.கூட இல்லை: 88.7-இல், 1870 செப்டம்பரில், ஆட்சி கவிழ்ந்து பாரிசைவிட்டுத் தப்பியோடுகிறார். 93.4-இல் இங்கிலாந்தில் கணவர் மரணம்.

இப்போது வண்ணம் தீட்டுங்கள். முடிசூடிய காலம் மஞ்சள், வெறும் 35 செ.மீ. நாடிழந்த காலம் கருநீலம், ஒரு முழு மீட்டர். பிள்ளைகளை இந்த இடத்தில் சற்று நேரம் நிற்க விடுங்கள்.

106-ஐ மிகக் கவனமாக எழுத வேண்டும். 1879 ஜூன் 1, ஸூலு நாட்டில், இன்றைய ந்குத்து ஊருக்கு அருகே இட்யோட்யோசி ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த லூயி 23 வயதில் கொல்லப்பட்டார். அவரோடு இரண்டு குதிரைவீரர்களும் ஸூலு வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். இளவரசன் பெயரை மட்டும் எழுதி அவர்களை விட்டுவிடுவது நியாயமல்ல. ஸூலு வீரர்கள் தங்கள் மண்ணைக் காக்கப் போரிட்டார்கள் என்ற வரியும் அங்கேயே வரட்டும்.

108-இல் தாய் வருகிறார். 1880-இல் டர்பனில் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக உள்நாடு சென்று, மகன் விழுந்த இடத்தில் முதலாண்டு நினைவுநாள் இரவைக் கழித்தார்.

கோட்டுக்குக் கீழே 69-இல் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்: 1860 நவம்பர் 16, மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பன் வந்த நாள். அங்கிருந்து 108 வரை சிவப்புக் கோடு இழுத்தால், யூஜெனி இறங்கியபோது நம் முன்னோர் இந்த மண்ணில் இருபதாண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தது தெரியும். அவர்கள் சந்தித்ததாகக் கற்பனைக் காட்சி எதையும் சேர்க்காதீர்கள்.

188.4-இல் கோட்டை நிறுத்துங்கள்: மத்ரித், 1920 ஜூலை 11. உடல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், கணவர், மகன் கல்லறைகளுக்கு அருகே வைக்கப்பட்டது. மிஞ்சும் 9 செ.மீ.யில் வண்ணக்குறிப்பை எழுதி, பிள்ளைகளின் கண்மட்டத்தில், தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள்.