உபுண்டு குடும்பத்தில் எதைப் போடுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "அண்ணே, மிண்ட் போடவா, சோரின் போடவா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளங்கள், உபுண்டுவும் அப்படித்தான். கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்குப் போய்ப் புதுசு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விதான். ஒப்பிடும் விதத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இவற்றை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைப்பதே பெரிய தவறு. மிண்ட் 22, சோரின் 18 இரண்டுக்கும் அடித்தளம் உபுண்டு 24.04. அந்த உபுண்டுவுக்கு அடித்தளம் டெபியன். கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் பெரும்பாலும் உபுண்டுவிலிருந்தே வருகின்றன. அதனால், வைஃபை வரவில்லை என்று உபுண்டுவை அழித்துவிட்டு மிண்ட் போட்டால், அநேகமாக அங்கும் வராது. அதற்குப் பதில் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை (கைப்பேசி இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) திறந்துவிடுங்கள். இணையம் வந்ததும் மிண்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், உங்கள் வைஃபை சில்லுக்கான டிரைவர் இருந்தால் பட்டியலில் காட்டும்.

பெரிய எண்தான் நல்லது என்று உபுண்டு 25.10 போன்ற இடைக்காலப் பதிப்பை இறக்குவது அடுத்த தவறு. அதற்கு ஆதரவு ஒன்பதே மாதம். 24.04 ஒரு எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு உபுண்டுவிலும், அதன்மேல் அமைந்த மிண்ட் 22-இலும் 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டுவின் வேறு திரைத்தோற்ற வடிவங்களான குபுண்டு, சுபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு மூன்றே ஆண்டு. அம்மா அப்பாவின் கணினிக்கு இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அடித்தளம் ஒன்று என்பதற்காக உபுண்டுவுக்கு எழுதிய கட்டளைகளை அப்படியே ஒட்டவும் கூடாது. வெளி ரெப்போவை (மென்பொருள்கள் இறங்கும் இணையக் களஞ்சியம்) சேர்க்கும் சில கட்டளைகள் பதிப்பின் பெயரைத் தாமே எடுத்துக்கொள்ளும். மிண்ட் 22-இல் அது 'வில்மா' என்று விழும். அந்த ரெப்போவில் இருப்பதோ உபுண்டு 24.04-இன் பெயரான 'நோபிள்'. அப்டேட் பிழை காட்டும். பெயரை 'நோபிள்' என்று கையால் மாற்றினால் சரியாகிவிடும். டெபியன் ரெப்போவை மட்டும் இதற்குள் கலக்கவே வேண்டாம். மென்பொருள் பொதிகள் ஒன்றோடொன்று மோதினால் பிரிப்பது பெரும்பாடு.

திரைத் தோற்றத்தின் படத்தைப் பார்த்து மயங்குவதும் உண்டு. 4 ஜிபி ரேம் என்றால் மிண்ட்டின் இலகுவான திரைச்சூழல் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே என் தேர்வு. எதுவானாலும் நிறுவாமல் முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டி ஒலி, கேமரா பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்99 தட்டச்சு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எல்லாவற்றிலும் கிடைக்கும். அதை வைத்து ஒன்றைக் கழிக்க வேண்டியதில்லை.