கிணறு, பம்ப், தாங்கி: மீளப் பாவிக்கக்கூடிய சிமுலேஷன் கூறுகளை அமைக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் தண்ணீரை நம்பித்தான். ஆகவே சிமுலேஷன், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பது, பழகக் கிணறு நல்ல பாடம். கோண்டாவில் வீட்டுக் கிணற்றுக்கு எழுதிய கூறு (தனியாக நிற்கும் நிரல் துண்டு), இணுவில் தோட்டக் கிணற்றுக்கும் உள்ளே ஒரு வரி மாறாமல் பொருந்த வேண்டும். பைதன் நிரல்மொழியின் அடிப்படை தெரிந்தால் போதும்.

1. அலகு. லீற்றர், நிமிடம், மீற்றர். பம்பில் மணிக்கு இத்தனை லீற்றர் என்று போட்டிருந்தால், கூறுக்குள் கொடுக்க முன்னரே 60ஆல் வகுத்துவிடுங்கள்.

2. இரண்டு இனம். தண்ணீரை வைத்திருப்பது தேக்கம்: கிணறு, தாங்கி. நகர்த்துவது ஓட்டம்: பம்ப், குழாய், ஊற்று. தேக்கத்துக்குத் தன் கொள்ளளவும் இருப்பும் மட்டுமே தெரியலாம். பம்ப் கூறுக்குள் ‘கிணறு’ என்ற பெயரே வரக் கூடாது. ‘மூலம்’, ‘சேரிடம்’ என்று எழுதினால், அதே பம்பை நாளை இரண்டு தாங்கிகளுக்கு இடையிலும் பூட்டலாம். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

3. எண்கள் வெளியிலிருந்து வரட்டும். 3 மீற்றர் விட்டமுள்ள வட்டக் கிணற்றின் பரப்பு 7.07 சதுர மீற்றர். மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 71 லீற்றர் போயிருக்கிறது. ஊற்றைக் கிணற்றடியிலேயே அளக்கலாம். இறைத்து நிறுத்தியதும் மட்டத்தைக் குறியுங்கள். 10 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 5 சென்ரிமீற்றர் ஏறியிருந்தால் நிமிடத்துக்கு 35 லீற்றர் ஊறுகிறது. அந்த நேரம் மட்டம், இறைக்க முன் நின்றதைவிடச் சராசரியாக 0.7 மீற்றர் கீழே இருந்தால், ஒரு மீற்றர் வித்தியாசத்துக்கு நிமிடத்துக்கு 50 லீற்றர். இந்த 50தான் ஊற்றுக் கூறின் அளவுரு. ஐப்பசி, கார்த்திகை மழையோடு நிலத்தடி மட்டம் உயரும். அதையும் வெளியிலிருந்தே கொடுங்கள்.

4. ஒரு படிக்கு இரண்டு சுற்று. படி என்பது சிமுலேஷன் ஒருமுறை முன்னேறும் நேரத் துண்டு. முதற் சுற்றில் எல்லா ஓட்டங்களையும் கணக்கிடுங்கள், எந்த இருப்பையும் தொடாதீர்கள். இரண்டாம் சுற்றில் எல்லாத் தேக்கங்களையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டையும் கலந்தால், கூறுகளை எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். கேட்கும் அளவு, மூலத்தில் உள்ள இருப்பு, சேரிடத்தில் மிஞ்சிய இடம் ஆகிய மூன்றிலும் சிறியதே நகர வேண்டும். ஒரே கிணற்றில் இரண்டு பம்ப் இருந்து தண்ணீர் போதாவிட்டால், கேட்ட அளவுகளின் விகிதப்படி பகிருங்கள்.

நேரப் படி 1 நிமிடமாக இருக்கட்டும். வேகம் வேண்டுமென்று ஒரு நாளை ஒரே படியாக்கினால், 1 மீற்றர் வித்தியாசத்துக்கு 72,000 லீற்றர் ஊறிவிடும். மேலே சொன்ன எல்லைகள் தடுக்காவிட்டால் கிணற்று மட்டம் ஒரே படியில் 10 மீற்றர் பாயும், அடுத்த படியில் இன்னும் மோசமாகக் கீழே விழும். பிழை ஊற்றில் இல்லை, படியில்தான்.

5. சுவிட்ச் தனிக் கூறு. 1,000 லீற்றர் தாங்கிக்கு 900 என்ற ஒரே எல்லையை வைத்தால் பம்ப் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நிற்கும். 300இல் தொடங்கி 900இல் நிறுத்துங்கள். இடையில் முன்னைய நிலையே தொடரவேண்டும், ஆகவே சுவிட்சுக்கு அந்த நிலை நினைவில் இருக்க வேண்டும்.

6. சோதனை. தாங்கியிலிருந்து வெளியே போகும் பைப்பை மூடி, சுவிட்சைக் கழற்றி, வெறுந்தாங்கிக்கு நிமிடத்துக்கு 40 லீற்றர் விடுங்கள். சரியாக 25ஆவது படியில் நிறைய வேண்டும். பிறகு முழு மாதிரியையும் 1,440 படிகள், அதாவது ஒரு நாள், ஓட்டுங்கள். தொடக்க இருப்போடு ஊறியதைக் கூட்டினால், அது முடிவு இருப்பும் பாவித்ததும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். வித்தியாசம் 40இன் மடங்காக வந்தால், பம்பின் ஓட்டம் ஒரு பக்கத்தில் மட்டும் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.