மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கு டிஜிட்டல் மீட்டர்: என் அனுபவம்

என் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் முள் மீட்டர்கள் மங்கிப்போய், பெட்ரோல் முள் நிலையாக நிற்காமல் ஆடத் தொடங்கியதால், அவற்றை அகற்றி டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் பொருத்தினேன்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு, ஒவ்வொரு ஒயரிலும் அதன் வேலையை எழுதிய சீட்டை ஒட்டினேன். மின் இணைப்பு எளிதுதான்: சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயர் ஒன்று, கடிகாரத்துக்காக எப்போதும் மின்சாரம் உள்ள ஒயர் மற்றொன்று. எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ஒயரை மட்டும் ஹேண்டில்பாரில் கொடுக்காமல் நேராகப் பேட்டரிக்கே கொண்டுசென்றேன். ரப்பர் புஷ்களையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் தாண்டி வரும் எர்த்தை நம்புவதற்கில்லை.

பெட்ரோல் அளவு சரியாகக் காட்ட, டேங்கிலுள்ள மிதவையின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தேன். காலியாக இருக்கையில் ஏறத்தாழ 100 ஓம், நிரம்பியபோது 10 ஓம். மீட்டரிலும் அதற்குரிய அமைப்பையே தேர்ந்தெடுத்தேன்.

அதிகக் கவனம் கேட்டது வேகமானிதான். என் வண்டியில் வேக சென்சார் கியர்பாக்ஸில் இருப்பதால், பின்னால் கார் டயர்களும் டிஃபரென்ஷியலும் (இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கர அமைப்பு) வந்தபின் பழைய கணக்கு பொருந்தாது. ஆகவே, வண்டியில் ஒருவரை உட்காரவைத்து, டயரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு, ஒரு முழுச் சுற்றுக்குத் தரையில் உருண்ட தூரத்தை அளந்தேன். ஆள் ஏறும்போது டயர் சற்று அமுங்குவதால் இந்த அளவே உண்மையானது. டிஃபரென்ஷியல் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு மீட்டரில் பதிவுசெய்தபின், நேரான சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி, ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒத்துப்போகும்வரை அந்த எண்ணைத் திருத்தினேன்.